டிகிரிக்கு அப்புறமும் திறக்கிற ஃபைல்



உங்க லேப்டாப்பில் இருக்கிற ப்ராஜெக்ட் ஃபோல்டரை ஒரு தடவை மனசுக்குள்ள ஓட்டிப் பாருங்க. கேட் மாடல், சிமுலேஷன், சர்க்யூட், ரிப்போர்ட், ரிவியூவுக்குப் போட்ட ஸ்லைடு எல்லாம் இருக்கும். இப்போ ஒரே ஒரு கேள்வி. அடுத்த வருஷம், காலேஜ் மெயில் ஐ.டி.யை முடக்கின பிறகு, இதுல எத்தனை ஃபைலை உங்களால திறக்க முடியும்?

"லேப் லைசென்ஸ்ல பண்ணினது, வீட்ல திறக்காது"ன்னு சிலர் சொல்வீங்க. "கிராக் இருக்கு பாஸ், கவலையே இல்ல"ன்னு மிச்சப் பேர் சொல்வீங்க. இந்தக் கட்டுரை ரெண்டு கூட்டத்துக்கும் சேர்த்துத்தான். விலை அதிகமான சாஃப்ட்வேருக்கு மாற்றா என்னென்ன கிடைக்குது, எங்கே அது போதும், எங்கே போதாது, எப்படி மாறுறதுன்னு வரிசையா பார்த்துடலாம்.

இலவசத்துல மூணு வகை

முதல் வகை, மாணவர் லைசென்ஸ். படிக்கிற வரைக்கும் பெரிய கம்பெனிகள் சும்மா கொடுக்கும். வாங்கிப் பயன்படுத்துறதுல தப்பே இல்ல. ஆனா கீழே "ஐ அக்ரீ" அழுத்துறதுக்கு முன்னாடி அந்த நிபந்தனையைக் கொஞ்சம் படிச்சுப் பாருங்க. பொதுவா அது சொல்றது இதுதான்: படிப்புக்கு மட்டும், சம்பாதிக்கிற வேலைக்குக் கூடாது, படிப்பு முடிஞ்சா உரிமையும் முடிஞ்சது. கம்பெனியோட கணக்கும் புரியக்கூடியதுதான். நாலு வருஷம் ஒரே பட்டனை அழுத்திப் பழகின கை, வேலைக்குப் போற இடத்துலயும் அதே பட்டனைத்தான் தேடும். அப்போ காசு கொடுக்கப் போறது உங்க முதலாளி.

ரெண்டாவது வகை, காசு வாங்காம கொடுப்பாங்க, ஆனா சாவி அவங்க கையிலயே இருக்கும். இ.சி.இ. மக்களுக்கு ஈகிள் தெரிஞ்சிருக்கும். சர்க்யூட் போர்டு வரையறதுக்கு ரொம்ப நாளா எல்லாரும் நம்பின சாஃப்ட்வேர். அதோட இலவசப் பதிப்பில் 2 லேயர், 80 சதுர சென்டிமீட்டர் போர்டு, அவ்ளோதான் எல்லை. 2016-ல ஆட்டோடெஸ்க் அதை வாங்குச்சு. 2026 ஜூன் 7-ஓட ஈகிளை நிறுத்தப் போறோம்னு 2023-ல அறிவிச்சாங்க. அது அவங்க பொருள், நிறுத்துற உரிமை அவங்களுக்கு உண்டு. ஆனா வருஷக்கணக்கா அதுல வரைஞ்சவங்களோட உழைப்பு?

மூணாவது வகைதான் நம்ம விஷயம்: கட்டற்ற மென்பொருள். இங்கிலீஷ்ல காசில்லாததுக்கும் சுதந்திரமானதுக்கும் "ஃப்ரீ"ங்கிற ஒரே வார்த்தைதான். அதனால அவங்க பக்கம் பக்கமா விளக்கம் எழுத வேண்டியிருக்கு. தமிழ்ல அந்தச் சிக்கல் இல்ல. இலவசம் வேற, கட்டற்றது வேற. கல்யாண வீட்டு சாம்பார் இலவசம்தான், ஆனா பக்குவத்தைக் கேட்டா சமையல் மாஸ்டர் சிரிச்சுட்டே போயிடுவார். கட்டற்ற மென்பொருள்னா சாம்பாரும் உங்களுக்கு, பக்குவமும் உங்களுக்கு. காரம் கூடியிருந்தா குறைச்சு, அடுத்த வீட்டுக்கும் கொடுக்கலாம்.

இதையே கொஞ்சம் முறையா சொன்னா நாலு உரிமை. எந்த வேலைக்கும் ஓட்டலாம். மூல நிரலைப் படிச்சு மாத்தலாம். நகல் எடுத்துக் கொடுக்கலாம். மாத்தினதையும் கொடுக்கலாம். 1983-ல ரிச்சர்ட் ஸ்டால்மேன் குனு திட்டத்தை அறிவிச்சதுல இருந்து இந்த எண்ணம் வளர்ந்துச்சு. 1989-ல ஜி.பி.எல். லைசென்ஸ் வந்தப்போ அதுக்குச் சட்ட வடிவமும் கிடைச்சது. இதோட முக்கியமான விளைவு என்னன்னா, ஒரு கம்பெனி கடையை மூடினாலும் நிரல் சாகாது. வேற யாராவது எடுத்து நடத்தலாம். ஓப்பன் ஆபீஸ்ல இருந்து 2010-ல லிப்ரே ஆபீஸ் பிரிஞ்சு வந்தது அப்படித்தான்.

கிராக் பத்திக் கொஞ்சம் நேர்மையா

"எல்லாரும் பண்றதுதானே"ன்னு தோணும். ரெண்டு விஷயம் மட்டும் சொல்றேன், மூணாவதா அட்வைஸ் கிடையாது.

ஒண்ணு, கிராக் போடும்போது அந்த ரீட்மீ ஃபைல் முதல்ல என்ன பண்ணச் சொல்லும்? "ஆன்ட்டி வைரஸை ஆஃப் பண்ணு", அடுத்து "அட்மினிஸ்ட்ரேட்டரா ஓட்டு". யாருன்னே தெரியாத ஒருத்தர்கிட்ட வீட்டுச் சாவியைக் கொடுத்து, நாயையும் கட்டிப் போடுற மாதிரி. அதே லேப்டாப்லதான் நீங்க பேங்க் வேலையும் பார்க்கறீங்க, ஸ்காலர்ஷிப் ஃபார்மும் நிரப்புறீங்க.

ரெண்டு, சட்டம். இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957-ல 63-பி பிரிவு, தெரிஞ்சே திருட்டு சாஃப்ட்வேர் பயன்படுத்துறதையும் குற்றம்னு சொல்லுது. 7 நாள் முதல் 3 வருஷம் வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம். வியாபாரத்துக்கோ லாபத்துக்கோ பயன்படுத்தலைன்னா, காரணத்தைப் பதிவு பண்ணி, சிறை இல்லாம 50,000 வரைக்குமான அபராதத்தோட விட கோர்ட்டுக்கு அதிகாரம் உண்டு. ஹாஸ்டல் ரூமுக்கு யாரும் ரெய்டுக்கு வர மாட்டாங்கதான். ஆனா நாளைக்கு நீங்க நாலு பேர் சேர்ந்து ஒரு சின்ன டிசைன் ஆபீஸ் போடுறீங்கன்னு வைங்க. அப்போ அது வியாபாரம். கிராக்கை மட்டுமே தெரிஞ்சு வெச்சிருக்கிறவங்களுக்கு முதல் நாளே ரெண்டு வழிதான்: லட்சக்கணக்குல லைசென்ஸ், இல்லைன்னா திருட்டு. மூணாவது வழி தெரிஞ்சிருந்தா அந்தக் காசுல ஒரு 3டி பிரின்டர் வாங்கலாம்.

இதை எல்லாம் யார் எழுதினது?

எனக்கு ரொம்பப் பிடிச்ச கதை இது. மேட்லேப் எப்படி வந்ததுன்னு தெரியுமா? 1970-களோட கடைசியில, அமெரிக்காவில் நியூ மெக்ஸிகோ பல்கலைக்கழகத்தில் கிளீவ் மோலர்னு ஒரு கணிதப் பேராசிரியர். மேட்ரிக்ஸ் கணக்குக்கு அருமையான ஃபோர்ட்ரான் நிரல்கள் இருந்தன. ஆனா அதைத் தொட, மாணவர்கள் ஃபோர்ட்ரான் எழுதணும். அந்தச் சிரமம் இல்லாம பசங்க நேரா கணக்கைப் போடட்டும்னு அவர் எழுதினதுதான் மேட்லேப். அப்போ அது கைமாறிக் கைமாறி இலவசமாவே பரவுச்சு. 1984-ல மேத்ஒர்க்ஸ் கம்பெனி தொடங்கின பிறகுதான் விற்பனைப் பொருளாச்சு.

அதுக்குச் சில வருஷம் கழிச்சு, கெமிக்கல் ரியாக்டர் வடிவமைப்பு பத்தி இளநிலை மாணவர்களுக்கு ஒரு பாடப்புத்தகம் தயாராச்சு. அதுகூடவே பசங்க கணக்குப் போட ஒரு மென்பொருள் வேணும். 1992-ல ஜான் ஈட்டன் அதை முழுநேரமா எழுத ஆரம்பிச்சார். அதுதான் குனு ஆக்டேவ். பேரைப் பார்த்து இசை சம்பந்தப்பட்டதுன்னு நினைக்காதீங்க. ஆக்டேவ் லெவன்ஸ்பீல்ங்கிறது அவரோட பேராசிரியர் பேரு. கெமிக்கல் மாணவர்களுக்கு அவரோட புத்தகம் தெரிஞ்சிருக்கும். ஒரு கவர் பின்னாடி நாலு வரி கிறுக்கி விடையைக் கண்டுபிடிக்கிறதுல கில்லாடின்னு பேர் வாங்கினவர்.

அதாவது, மேட்லேப், ஆக்டேவ் ரெண்டுமே நம்மள மாதிரி மாணவர்களோட கஷ்டத்தைப் பார்த்துப் பிறந்தது. ஒண்ணு விலைப் பொருளாச்சு, இன்னொண்ணு பொதுச் சொத்தா இருக்கு.

இன்னும் கேளுங்க. ஜிம்ப் தொடங்கினது பெர்க்லியில படிச்ச ரெண்டு மாணவர்கள், 1995-ல. கிகேட் தொடங்கினது ஃபிரான்ஸில் கிரனோபிள் ஊர்ல ஒரு தொழில்நுட்பக் கல்லூரி ஆசிரியர், 1992-ல. பிறகு ஐரோப்பாவோட செர்ன் ஆய்வுக்கூடம் அதை வளர்க்கக் கை கொடுத்துச்சு. லினக்ஸை லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-ல அறிவிச்சப்போ அவருக்கு வயசு 21. இந்த வரியை டைப் பண்ற எனக்கும் அதே வயசுதான். (வேற ஒத்துமை எதுவும் இல்லைங்கிறதையும் ஒப்புக்கிறேன்.)

"சும்மா கொடுத்தா அவங்க எப்படி சாப்பிடுவாங்க?" நியாயமான கேள்வி. சேவைக்கும் பயிற்சிக்கும் காசு வாங்குவாங்க. லினக்ஸை வெச்சே வளர்ந்த ரெட் ஹேட் கம்பெனியை 2019-ல ஐ.பி.எம். 34 பில்லியன் டாலருக்கு வாங்குச்சு. சிலதுக்கு ஆய்வுக்கூடமும் அரசும் செலவு பண்ணும். நம்ம ஊர்ல ஐ.ஐ.டி. பாம்பேயோட ஃபாஸ்ஸி திட்டம் மத்தியக் கல்வி அமைச்சகத்தோட நிதியில நடக்குது.

டிபார்ட்மென்ட் வாரியா பார்க்கலாம்

எல்லாருக்கும்: மேட்லேப் லேப்புக்கு ஆக்டேவ். சாதாரண ஸ்கிரிப்ட் பெரும்பாலும் ஒரு எழுத்து மாத்தாம ஓடும். ரெண்டு டிப்ஸ். போடி பிளாட், ரூட் லோகஸ் எல்லாம் "கன்ட்ரோல்" பேக்கேஜுக்குள்ள இருக்கு, ஃபில்டர் டிசைன் "சிக்னல்" பேக்கேஜுக்குள்ள. முதல்ல அதை லோடு பண்ணணும். அது தெரியாம "ஃபங்ஷனே இல்லைன்னு சொல்லுது"ன்னு அன்இன்ஸ்டால் பண்ணினவங்க ஏராளம். அடுத்தது, கமென்ட்டுக்கு % குறியையே போடுங்க. # குறியும், += மாதிரி சுருக்கமும் ஆக்டேவ்ல ஓடும், மேட்லேப்ல ஓடாது. இதைக் கவனிச்சா ஒரே ஃபைல் ரெண்டு இடத்துலயும் திறக்கும்.

மெக்கானிக்கல்: 3டி மாடலிங்குக்கு ஃப்ரீகேட். இதுக்கு ஒரு பழைய கெட்ட பேரு உண்டு. முதல்ல போட்ட ஸ்கெட்சில் ஒரு கோட்டை மாத்தினா, பின்னாடி போட்ட ஃபில்லெட், துளை எல்லாம் இடம் மாறி உடைஞ்சு நிக்கும். 2024 நவம்பர்ல வந்த 1.0 பதிப்பில் அதைப் பெருமளவு சரி பண்ணிட்டாங்க, அசெம்பிளியும் உள்ளேயே வந்துடுச்சு. முன்னாடி பார்த்துட்டு ஓடினவங்க இன்னொரு தடவை பாருங்க. உள்ளேயே ஸ்ட்ரெஸ் அனாலிசிஸ் பண்ண கால்குலிக்ஸ் இருக்கு. விமான இன்ஜின் தயாரிக்கிற எம்.டி.யூ. கம்பெனியோட இன்ஜினியர்கள் எழுதினது அது. ஃப்ளூயிட் ஃப்ளோவுக்கு ஓப்பன்ஃபோம், 2004-ல திறந்த நிரலா வந்தது.

சிவில்: 2டி பிளானுக்கு லிப்ரேகேட். மேப், சர்வே வேலைக்கு க்யூ.ஜி.ஐ.எஸ்., இது சந்தேகமே இல்லாம முதல் தரம். ஸ்டீல் டிசைனுக்கு நம்ம ஐ.ஐ.டி. பாம்பே தயாரிச்ச ஓஸ்டாக் இருக்கு. ஐ.எஸ். 800:2007 விதிகளை வெச்சே இணைப்புகளை வடிவமைக்கும். வெளிநாட்டு சாஃப்ட்வேர்ல இந்தியன் கோடைத் தேடி அலையற வேலை மிச்சம்.

இ.சி.இ., ட்ரிபிள்-இ: போர்டுக்கு கிகேட். அளவு எல்லை கிடையாது, 32 காப்பர் லேயர் வரை போகலாம், பழைய ஈகிள் ப்ராஜெக்டையும் உள்ளே எடுத்துக்கும். கடைசியில வர்ற கெர்பர் ஃபைலை எந்த பி.சி.பி. கடையும் வாங்கிக்கும். அதோட ஃபைல் எல்லாம் வெறும் எழுத்து வடிவம்தான், அதனால கிட்ல போட்டு யார் எப்போ எதை மாத்தினாங்கன்னு பார்க்கலாம். டீம் ப்ராஜெக்ட்ல சண்டை குறையும்! சர்க்யூட் சிமுலேஷனுக்கு என்ஜி-ஸ்பைஸ். ரெண்டையும் சேர்த்துக் கட்டின இ-சிம்மும் ஃபாஸ்ஸியோட தயாரிப்புதான்.

கெமிக்கல்: ஆஸ்பென்ல பண்ற ஃப்ளோஷீட் வேலைக்கு டி.டபிள்யூ.சிம்.

ரிப்போர்ட், ஸ்லைடு, போஸ்டர்: லிப்ரே ஆபீஸ், இங்க்ஸ்கேப், ஜிம்ப். நிறைய சமன்பாடு இருக்கிற ரிப்போர்ட்டுக்கு லேடெக் கத்துக்கோங்க. முதல் வாரம் அழ வைக்கும், அப்புறம் படம் எண், பக்க எண், பொருளடக்கம் எல்லாம் தானா வந்து நிக்கும். கல்ச்சுரல்ஸ் வீடியோவுக்கு பிளெண்டர். 2025-ல அனிமேஷன் படத்துக்கான ஆஸ்கர் வாங்கின "ஃப்ளோ", பிளெண்டர்ல உருவான படம்தான்.

எப்படிக் கத்துக்கிறதுன்னா, ஐ.ஐ.டி. பாம்பேயோட ஸ்போக்கன் டுட்டோரியல் இருக்கு. சின்னச் சின்ன வீடியோ, திரையில் ஒரு பக்கம் அதை ஓட விட்டு இன்னொரு பக்கம் நீங்க செஞ்சு பார்க்கலாம். பலதுக்குத் தமிழ்லயே குரல் கொடுத்திருக்காங்க. இங்கிலீஷ் மீடியத்துல படிச்ச நானே சிலதைத் தமிழ்ல கேட்டப்போதான் சட்டுனு பிடிபட்டுச்சு.

எங்கே இடிக்கும்?

எல்லாத்துக்கும் மாற்று இருக்குன்னு சொன்னா அது விளம்பரம். உண்மை நிலவரம் இது.

சிமுலிங்க் மாடலை ஆக்டேவ்ல திறக்க முடியாது. சைலேப் கூட வர்ற எக்ஸ்காஸ்ல அதே மாதிரி பிளாக் போட்டு வேலை பார்க்கலாம், ஆனா மறுபடி முதல்ல இருந்து வரையணும். நூத்துக்கணக்கான பார்ட் இருக்கிற அசெம்பிளியில் ஃப்ரீகேட் மூச்சு வாங்கும். ஆட்டோகேட்டோட டி.டபிள்யூ.ஜி. அந்தக் கம்பெனியோட சொந்த வடிவம். லிப்ரேகேட் அதுல எல்லாத்தையும் சரியா படிக்காது. டி.எக்ஸ்.எஃப். வடிவத்துல வாங்கிக்கிறதுதான் நல்லது. பிரிண்டிங் பிரஸ்ஸுக்குப் போற சி.எம்.ஒய்.கே. வேலைக்கு ஜிம்ப் சௌகரியப்படாது. வேர்டு ஃபைலை லிப்ரே ஆபீஸ்ல திறந்தா வரி நகர்றதுக்குப் பாதி காரணம், அந்த ஃபான்ட் உங்ககிட்ட இல்லாததுதான். கலிப்ரிக்குப் பதிலா கார்லிட்டோ போட்டா அளவு அப்படியே பொருந்தும். சப்மிட் பண்றதை பி.டி.எஃப்.-ஆ மாத்திக் கொடுங்க, பிரச்சினை முடிஞ்சது.

"இன்டர்வியூல சாலிட்ஒர்க்ஸ்தானே கேட்கறாங்க?" கேட்கறாங்க, மறுக்கல. அதனால லேப்ல அதையும் நல்லா கத்துக்கோங்க, லைசென்ஸ் இருக்கிற வரைக்கும் முழுசா பயன்படுத்துங்க. ஆனா ஸ்கெட்சை எப்படிக் கட்டுப்படுத்துறது, மெஷ் எங்கே நெருக்கமா இருக்கணும், வந்த விடை நம்பக்கூடியதான்னு எப்படிப் பார்க்கிறது, இதெல்லாம் எந்த சாஃப்ட்வேருக்கும் சொந்தம் கிடையாது. அது உங்க தலையில இருக்கிறது. ஃப்ரீகேட்ல அதைக் கத்துக்கிட்டவங்களுக்கு இன்னொரு சாஃப்ட்வேர்ல பட்டன் எங்கே இருக்குன்னு தேடுறது மட்டும்தான் பாக்கி. அதுவும் போக, வீட்ல உட்கார்ந்து ராத்திரி 11 மணிக்கு பிராக்டீஸ் பண்ண, லேப் சாவி தேவைப்படாத ஒண்ணு கையில இருக்கணும் இல்லையா?

ஃபேர்வெல்லுக்கு முன்னாடி நாலு வேலை

ஒரே நாள்ல எல்லாத்தையும் மாத்துறேன்னு கிளம்பாதீங்க. விண்டோஸ்லயே இதுல கிட்டத்தட்ட எல்லாம் ஓடும். இந்த நாலை மட்டும் பண்ணுங்க.

1. லைசென்ஸ் உயிரோட இருக்கும்போதே எல்லா ஃபைலையும் பொது வடிவத்துல ஒரு நகல் எடுங்க. 3டி மாடலுக்கு ஸ்டெப், 2டி-க்கு டி.எக்ஸ்.எஃப்., டேட்டாவுக்கு சி.எஸ்.வி., போர்டுக்கு கெர்பர், ரிப்போர்ட்டுக்கு ஓ.டி.எஃப்.பும் பி.டி.எஃப்.பும். ஸ்டெப்ல வடிவம் மட்டும்தான் வரும், நீங்க வரைஞ்ச படிகள் வராது. அதனால முக்கிய அளவுகளைத் தனியா எழுதி வையுங்க.

2. அந்த நகலை வேற ஒரு லேப்டாப்ல, கட்டற்ற மென்பொருள்ல திறந்து பாருங்க. திறக்குதுன்னு நம்புறது வேற, திறந்து பார்க்கிறது வேற.

3. உங்க அடுத்த சின்ன அசைன்மென்ட் ஒண்ணை முழுக்க மாற்று சாஃப்ட்வேர்ல பண்ணுங்க. சின்னதா இருக்கட்டும். ஃபைனல் ரிவியூவுக்கு மூணு நாள் இருக்கும்போது வேண்டவே வேண்டாம்!

4. ஏதாவது தப்பா ஓடினா திட்டிட்டுப் போகாம, பிழைன்னு அவங்களுக்கு எழுதிப் போடுங்க. என்ன பண்ணினீங்க, என்ன வந்துச்சு, என்ன வந்திருக்கணும், மூணே வரி போதும். கோடிங் தெரியாதவங்க மெனுவைத் தமிழ்ல மொழிபெயர்த்துக் கொடுக்கலாம். லிப்ரே ஆபீஸ் தமிழ்ல பேசுறது அப்படி உட்கார்ந்து எழுதினவங்களாலதான்.

கடைசியா ஒண்ணு. நம்ம டிபார்ட்மென்ட் அலமாரியில வருஷா வருஷம் ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டுகள் அடுக்கியிருக்கும், பலதோட பின்னட்டையில ஒரு சி.டி. ஒட்டியிருக்கும். அந்த சீனியர்கள் நல்லாவே வேலை பார்த்திருப்பாங்க. ஆனா அந்த ஃபைலை இன்னிக்குத் திறக்க அந்தப் பழைய பதிப்பும் இல்ல, லைசென்ஸும் இல்ல. அதனால ஒவ்வொரு பேட்ச்சும் முதல் படியில இருந்தே ஏறுது. உங்க ப்ராஜெக்டை அடுத்த வருஷம் ஒரு ஜூனியர் எடுத்து, நீங்க விட்ட இடத்துல இருந்து தொடரணும்னா, அது அவங்க லேப்டாப்ல காசில்லாம, கிராக் இல்லாம திறக்கணும். இந்த மாசமே ஒரு ஃபைலை அப்படி மாத்தி வெச்சுட்டுச் சொல்லுங்க. எங்கே மாட்டிக்கிட்டீங்கன்னு எழுதி அனுப்பினா, அடுத்த இதழ்ல சேர்ந்து அவிழ்ப்போம்.